சிங்கப்பூர் கப்பல்: அறையை ஏலத்துல கேக்கலாமா? குடிக்க என்னவெல்லாம் கொண்டு போலாம்?

பாளை மணிக்கூண்டு:
எல்லாருக்கும் வணக்கம். திருக்கடையூர்ல அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. அதை ஒட்டி ரெண்டு பேரையும் கப்பல்ல கூட்டிட்டுப் போறோம். ராயல் கரீபியன், குவாண்டம் வகைக் கப்பல். சிங்கப்பூர்ல ஏறி புக்கெட், பினாங்கு போய்ட்டு திரும்ப சிங்கப்பூர். ரெண்டு அறை போட்டிருக்கோம், ஒண்ணு அப்பா அம்மாவுக்கு, ஒண்ணு எங்களுக்கு. செலவு பாத்து ரெண்டுமே ஜன்னல் இல்லாத உள்ளறை.

இப்ப கம்பெனியில இருந்து ஒரு மெயில். மேல் வகுப்பு அறைக்கு நீங்களே ஒரு விலை சொல்லுங்க, எங்களுக்குக் கட்டுபடியானா தருவோம்னு போட்டிருக்கு. பக்கத்துல மீட்டர் மாதிரி ஒரு படம். தொகையைக் கூட்டக் கூட்ட முள்ளு பச்சைக்கு நகருது. வீட்டுக்காரர் நேத்து ராத்திரி அதையே இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இதை நம்பி பணம் போடலாமா?

இன்னொண்ணு. அப்பாவுக்கு சாயங்காலம் சுக்கு காப்பி வேணும். அம்மா சர்பத், அது இதுன்னு ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க. வெளியில இருந்து எதெல்லாம் உள்ள விடுவாங்க? போய்ட்டு வந்தவங்க சொன்னா உதவியா இருக்கும்.

ஜங்ஷன் அல்வா:
முதல்ல வாழ்த்துகள். அறுபதாம் கல்யாணத்துக்கு கப்பல்! எங்க வீட்ல குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போனதே பெரிய காரியம்.

மீட்டர் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. அந்த முள்ளை வரைஞ்சு வச்சிருக்கிறதே விக்கிறவன்தான். பச்சைக்குப் போனா அவனுக்கு சந்தோஷம்னு எடுத்துக்கிடுங்க.

குறுக்குத்துறை:
ஏ தாயி, உள்ளறையில படுத்துக்கிட்டு கடலைப் பாக்காம வர்றதுக்கு சிங்கப்பூர் வரைக்கும் எதுக்குப் போகணும்? பால்கனி கேளு. காசைப் பாக்காத.

ரெண்டாவது, அவுக பாட்டில் விசயத்துல ரொம்பக் கறார்னு சொல்லுதாவ. அதுக்கெல்லாம் வழி இருக்கு. பொறவு சொல்லுதேன்.

பழையகாயல்:
தங்கச்சி, நான் இந்த மாதிரிக் கப்பல்ல வேலை பாத்தவன். முதல்ல அறை பராமரிப்பு, பின்னால ஏறுற வாசல்ல பாதுகாப்பு. எந்தக் கம்பெனின்னு வேண்டாம். எல்லாத்துலயும் நடைமுறை ஏறக்குறைய ஒண்ணுதான், விதி மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். நீளமா எழுதுதேன், பொறுமையா படிங்க.

அந்த ஏலம் பத்தி. திரையில தெரியிற தொகை ஆளுக்கு. அறைக்கு இல்ல. 150 டாலர்னு வச்சியன்னா கார்டுல 300 போகும். ஒத்தை ஆளு தனியாப் போனாலும் ரெண்டு ஆள் தொகைதான். அறையில மூணாவது, நாலாவது ஆள் இருந்தா அவங்களுக்குத் தனியா கிடையாது. இதைப் படிக்காம வச்சிட்டு வாசல்ல வந்து சண்டை போடுறவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன்.

அவங்க ஏத்துக்கிற வரைக்கும் தொகையை மாத்தலாம், வேண்டாம்னு எடுத்துடலாம். ஏத்துக்கிட்டாங்கன்னா கார்டுல உடனே புடிச்சிருவாங்க, அப்புறம் திரும்பாது. பதில் எப்ப வரும்னு சொல்ல முடியாது. கப்பல் கிளம்ப ரெண்டு நாள் இருக்கிறப்பகூட வரும். அது வரைக்கும் கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்து இருக்கணும்.

பெரிய விசயம் இதுதான்: வகுப்பைத்தான் நீங்க கேக்கிறிய. அறையை இல்ல. எந்தத் தளம், முன்னாலயா பின்னாலயா, மேல என்ன இருக்கு, கீழ என்ன இருக்கு, எல்லாம் அவங்க முடிவு. பால்கனின்னு பேர் இருக்கும், போய்ப் பாத்தா நேர் எதுத்தாப்புல ஆரஞ்சு கலர்ல உயிர்காப்புப் படகு தொங்கிக்கிட்டு இருக்கும். நான் பாத்த ஒரு கப்பல்ல சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் கீழ ஒரு வரிசை அறை. விடியக்காலம் அஞ்சு மணிக்கு மேல நாற்காலியை இழுத்துப் போட ஆரம்பிப்பாவ. இரும்புக் காலு தரையில உரசுற சத்தம் அப்படியே தலைமாட்டுல கேக்கும். அந்த அறைக்காரங்க தினமும் காலையில என்கிட்டதான் வந்து நிப்பாங்க. நான் என்ன செய்ய முடியும்?

ரெண்டு அறை போட்டிருக்கிய. ரெண்டுக்கும் தனித்தனி ஏலம். ஒண்ணு கிடைச்சு ஒண்ணு கிடைக்கலன்னா அப்பா அம்மா ஒரு தளம், நீங்க ஆறு தளம் தள்ளி. யோசிச்சுக்கிடுங்க.

இப்ப நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. அப்பா அம்மாவுக்கு உடம்பு எப்படி? முட்டு வலி, தலைசுத்து, அந்த மாதிரி? அதைத் தெரிஞ்சுக்காம பால்கனி நல்லதா உள்ளறை நல்லதான்னு சொல்லுறது வீண்.

பாளை மணிக்கூண்டு:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஆளுக்குங்கிறது எங்களுக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்காரர் முகம் பாக்கணுமே.

அப்பாவுக்கு முட்டு வலி உண்டு, நடப்பாங்க, படி ஏறத்தான் யோசிப்பாங்க. அம்மாவுக்கு பஸ்ல மலைப்பாதையில போனா குமட்டும். இன்னொண்ணு, அம்மா லிஃப்ட்ல ஏற மாட்டாங்க. கதவு சாத்தினா மூச்சு முட்டுதுன்னு சொல்லுவாங்க. வீட்லகூட படுக்கிற அறை ஜன்னல் ராத்திரி பூரா திறந்தேதான் கிடக்கும்.

பழையகாயல்:
அப்பம் இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல தங்கச்சி. அம்மாவுக்கு உள்ளறை ஆகாது. உள்ளறையில விளக்கை அணைச்சா பகலா ராத்திரியான்னு தெரியாது, உங்க கையே உங்களுக்குத் தெரியாது. குவாண்டம் வகைக் கப்பல்ல உள்ளறையில பெரும்பாலும் சுவர் ஒசரத்துக்கு ஒரு திரை இருக்கும், வெளிய கேமராவுல தெரியிற கடலை நேரலையா அதுல காட்டுவாங்க. நல்லாத்தான் இருக்கும். ஆனா மூச்சு முட்டுற ஆளுக்கு அது போதாது, காத்து வராதுல்லா.

ஆனா அதுக்காக பால்கனியை ஏலத்துல கேளுங்கன்னும் சொல்ல மாட்டேன். ஏலத்துல கிடைக்கிற பால்கனி கப்பல் மூக்குல, மேல் தளத்துல விழுந்துதுன்னா ஆட்டம் ஜாஸ்தி. கப்பல் நடுமத்தி, கீழ்த் தளம், அங்கதான் ஆட்டம் கம்மி. நீங்க போற மலாக்கா ஜலசந்தி ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் மலேயா, நடுவுல ஒதுங்கின கடல். பொதுவா அமைதியா இருக்கும். அதனால குமட்டல் பயம் பெருசா வேண்டாம். இருந்தாலும் மூக்குப் பக்கம் எதுக்கு?

நான் சொல்லுறது இது. அப்பா அம்மா அறையை மட்டும் ஏலம் இல்லாம, நேர்ல வித்தியாசக் காசு கட்டி, ஜன்னல் அறையா மாத்துங்க. நடுமத்தி, லிஃப்ட்டும் படியும் ரொம்பத் தள்ளி இல்லாத இடமா நீங்களே நம்பர் பாத்து எடுங்க. கம்பெனி வெப்சைட்ல இன்னைக்கு ஜன்னல் அறை என்ன விலைன்னு பாருங்க, நீங்க கட்டினதைக் கழிங்க. பல நேரம் ஏலத்துல கேக்கச் சொல்லுற குறைஞ்ச தொகைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஏஜெண்டு மூலமா போட்டிருந்தா ஏஜெண்டுதான் மாத்த முடியும்.

அம்மா லிஃப்ட் ஏற மாட்டாங்க, அப்பா படி ஏற யோசிப்பாங்கன்னா சாப்பாட்டுக்கூடத்துக்கு ஒண்ணு ரெண்டு தளத்துக்குள்ள எடுங்க. மேலயும் கீழயும் அறையாவே இருக்கிற தளம். தள வரைபடத்தை பிரிண்ட் எடுத்து ஒண்ணுக்கு மேல ஒண்ணு வச்சு வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. மேல நீச்சல்குளம், கீழ பாட்டுக்கச்சேரி அரங்கம்னா வேண்டாம். ரெண்டு அறைக்கு நடுவுல கதவு வச்ச அறையும் வேண்டாம், பக்கத்து அறைப் பேச்சு பூரா கேக்கும்.

குறுக்குத்துறை:
பழையகாயலாரே, கம்பெனிக்காரன் மாதிரியே பேசுதீரே! ஏலத்துல அடிச்சா சூட்டுன்னு சொல்லுத பெரிய சொகுசு அறையவே அள்ளலாம்னு என் மச்சினன் சொன்னான். அமெரிக்காவுல அவன் பையன் பாதி விலைக்கு வாங்கினானாம்.

பழையகாயல்:
கிடைக்கும் அண்ணாச்சி, கிடைக்கலன்னு சொல்லல. காலியாக் கிடக்கிற அறைக்கு யாரு கூட கேக்காங்களோ அவங்களுக்குக் கொடுப்பாவ. சின்னஞ்சிறுசு, ரெண்டு பேரு, எந்த அறையா இருந்தா என்னன்னு போறவங்களுக்கு அது சரி. ஆனா சூட் வந்தா தினசரி டிப்ஸும் சூட் கணக்குக்கு ஏறும். அடிக்கடி போறவங்களுக்குத் தர்ற உறுப்பினர் புள்ளி மட்டும் முதல்ல வாங்கின உள்ளறைக் கணக்குக்குத்தான் வரும். அதையும் மச்சினர்கிட்ட கேளுங்க.

களக்காடு வாழை:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். சிங்கப்பூர் வரைக்கும் போகாம சென்னையில ஏறினா என்ன? எம்பிரஸ்னு ஒரு கப்பல் 2022 ஜூன்ல இருந்து சென்னையில இருந்தும் விடுதாங்க. நாங்க போனோம். நல்லாத்தான் இருந்துச்சு. நெல்லைல ரயில் ஏறினா எழும்பூர், அங்கிருந்து ஆட்டோ, துறைமுகம். பாஸ்போர்ட் முத்திரைத் தொல்லை உள்நாட்டுப் பயணத்துல இல்ல.

ஆனா அது 1990ல கட்டின கப்பல். பழைய ராயல் கரீபியன் கப்பல்தான், கை மாறி வந்தது. அந்தக் காலத்துக் கப்பல்ல பால்கனி அறை கொஞ்சந்தான், அறையும் சின்னது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இலங்கைக்குத் தெற்க சுத்திப் போற பயணம்னா அலை இருக்கும். குமட்டுற ஆளுக்கு மலாக்காதான் நல்லது, பழையகாயல் அண்ணன் சொன்னது சரி.

ஜங்ஷன் அல்வா:
1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலைக் கொண்டாந்து தூத்துக்குடியில நிறுத்தினாரு வ.உ.சி. இன்னைக்கு அதே ஊருக்காரன் கப்பல் ஏறணும்னா சிங்கப்பூர் போகணும். 2011ல தூத்துக்குடி கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ்னு ஒண்ணு விட்டாவ. ஜூன்ல வந்து நவம்பர்ல நின்னு போச்சு. சரி விடுங்க, இழையை நான் திருப்பல.

தென்காசி சாரல்:
நான் சிங்கப்பூர்ல இருக்கேன். வர்றவங்க எல்லாரும் கேக்குற கேள்விதான் இது, அதனால குடிக்கிற விஷயத்தை நான் சொல்றேன்.

ராயல் கரீபியன்ல இப்ப உள்ள விதி: குடிக்கிற வயசு வந்த ஒவ்வொருத்தரும் சீல் உடைக்காத 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் ஒரு பாட்டில் கொண்டு போகலாம். ஏறுற நாள் மட்டும், கைப்பையில. ஆசியாவுல கிளம்புற கப்பல்ல அந்த வயசு 18, அமெரிக்காவுல 21. அறையில குடிச்சா காசு இல்ல, உணவகத்துக்கு எடுத்துட்டுப் போய்த் திறக்கச் சொன்னா பாட்டிலுக்குக் கட்டணம். விஸ்கி, பிராந்தி, ரம், பீர் எதுவும் கூடாது.

மது இல்லாத பானம்னா தண்ணி, சோடா, ஜூஸ் எதுவானாலும் 12 டப்பா அல்லது பாட்டில் வரைக்கும். ஒவ்வொண்ணும் 17 அவுன்ஸுக்கு மேல போகக்கூடாது, அதாவது நம்ம அரை லிட்டர். 500 மில்லி பவண்டோ சரியா உள்ள வந்துடும், 2 லிட்டர் பாட்டில் வராது. இதுவும் கைப்பைதான். செக்-இன் பெட்டியில வச்சா பெட்டி அறைக்கு வராது, கீழ பாதுகாப்புக்காரங்ககிட்ட நிக்கும்.

மதுரையில இருந்தோ திருவனந்தபுரத்துல இருந்தோ பறந்து வர்றப்ப சோடா பாட்டிலைத் தூக்கிட்டு வராதீங்க. விமானத்துல கைப்பையில 100 மில்லிக்கு மேல விட மாட்டாங்க, பெட்டியில வச்சா எடை போகும். இங்க லிட்டில் இந்தியாவுல சர்பத், சோடா எல்லாம் தேடிக்கலாம். ஏறுறதுக்கு முந்தின நாள் வாங்கிக்குங்க.

சுக்கு காப்பிக்குப் பொடியா கொண்டு வாங்க, கடையில வாங்கின சீல் பாக்கெட்டா இருந்தா பேச்சே இல்ல. வெந்நீர் கப்பல்ல எங்கயும் கிடைக்கும். சாதா காப்பி, டீ, எலுமிச்சை ஜூஸ், ஐஸ் டீ, காலைச் சாப்பாட்டோட பழச்சாறு எல்லாம் பஃபேயில டிக்கெட்டோட சேர்த்தி. டின்னுல வர்ற கோலா, ஸ்பெஷல் காப்பி, மது இதுக்கெல்லாம்தான் காசு. அதோட 18 சதவீதம் டிப்ஸ் தானாச் சேரும்.

பாளை மணிக்கூண்டு:
அக்கா, ரொம்ப உபகாரம். கருப்பட்டி கொண்டு வரலாமா? அப்பா சீனி போட்டுக் குடிக்க மாட்டாங்க. உடன்குடியில இருந்து வாங்கி வச்சிருக்காங்க, ஓலையில கட்டினது.

இன்னொண்ணு, பானத்துக்கு பேக்கேஜ்னு ஒண்ணு காட்டுது. வீட்டுக்காரருக்கு அதுல ஆசை. நான் தொடுறதில்ல. அவங்களுக்கு மட்டும் வாங்கலாமா?

தென்காசி சாரல்:
கருப்பட்டிய ஓலையோட கொண்டு வராதீங்கம்மா. செடி கொடி சம்பந்தப்பட்டதுன்னு எவனாவது யோசிச்சா தேவையில்லாத விசாரணை. உடைச்சு, டப்பாவுல போட்டு, மேல பேர் எழுதி ஒட்டிக்குங்க. கடைச் சீலோட சில்லுக்கருப்பட்டி கிடைச்சா அதைவிட நல்லது. அல்வா, சேவு, கடலைமிட்டாய் எல்லாம் கடை பாக்கெட்னா பிரச்சினை இல்ல. வீட்ல சமைச்ச சாப்பாட்டை மட்டும் கப்பல்ல விட மாட்டாங்க.

மசாலாப் பொடியில கசகசா இருந்தா கொண்டு வராதீங்க. சிங்கப்பூர்ல அது போதைப்பொருள் தடுப்புக் கணக்குல வருது, முன் அனுமதி இல்லாம கூடாது. மெல்லுற புகையிலையும் தடை. சூயிங்கம் வேண்டாம், மின் சிகரெட் தொடவே தொடாதீங்க.

பேக்கேஜ்: மது உள்ள பேக்கேஜை ஒரு அறையில ஒரு பெரியவர் வாங்கினா அந்த அறையில உள்ள எல்லாப் பெரியவங்களும் வாங்கணும். உங்க வீட்டுக்காரருக்குன்னா உங்களுக்கும் சேர்த்துத்தான். அது கட்டுபடியாகாது. குடிக்கிறப்ப குடிக்கிறப்ப காசு கட்டச் சொல்லுங்க.

மேலப்பாளையம் பீடி:
ஸலாம். நாங்களும் குடும்பத்தோட யோசிச்சுட்டு இருக்கோம். மது பேக்கேஜே வேண்டாம்னா குளிர்பானத்துக்கு மட்டும் தனியா ஏதாவது இருக்கா? சாப்பாட்டுல ஹலால் எப்படி?

தென்காசி சாரல்:
வஅலைக்கும் ஸலாம் பாய். மது இல்லாத பேக்கேஜ் தனியா உண்டு, சோடா, ஜூஸ், ஸ்பெஷல் காப்பி எல்லாம் அதுல வரும். பிள்ளைங்க நிறைய சோடா குடிச்சாத்தான் லாபம். சாப்பாட்டுக்குன்னா நீங்க இங்கருந்து கிளம்புற ஜென்டிங் ட்ரீம்ங்கிற கப்பலையும் பாருங்க. அதுல ஹலால் சான்று வாங்கின உணவகமே இருக்கு, இந்திய சைவமும் இருக்கு.

குறுக்குத்துறை:
எல்லாரும் நல்ல பிள்ளை மாதிரி பேசுதிய. ஒயின் யாருக்குவே வேணும்? அது புளிச்ச தண்ணி. நான் சொல்லுத வழியைக் கேளுங்க. பெரிய ஷாம்பூ பாட்டில் ரெண்டு வாங்கி, நல்லாக் கழுவி, அதுல ஊத்திக்கிட்டுப் போயிர வேண்டியது. தண்ணி பாட்டில்ல மூடி சீலை நூதனமாத் திரும்ப ஒட்டுற ஆளு நம்ம ஜங்ஷன் பக்கமே இருக்கான். அங்கன ஒரு பெக் என்ன விலை தெரியுமா? கொள்ளை!

நெறியாளர்:
குறுக்குத்துறை அண்ணாச்சி, கடத்துற வழியெல்லாம் இங்க வேண்டாம். பதிவை நீக்கல, பழையகாயல் பதில் சொல்லட்டும்னு விட்டு வைக்கிறேன்.

பழையகாயல்:
அண்ணாச்சி, உங்க ஷாம்பூ பாட்டிலை எக்ஸ்ரேயில பாத்த ஆளு நான்தான். எல்லா ஊருக்காரனும் இதைத்தான் செய்தான். மவுத்வாஷ், பேபி ஆயில், தட்டையான பிளாஸ்டிக் பை, பைனாகுலர் வடிவத்துல குப்பி, எல்லாம் வந்து போயிருக்கு.

எப்படிக் கண்டுபிடிப்போம்னு கேளுங்க. சந்தேகப்பட்ட பாட்டிலைக் கையில எடுத்துத் தலைகீழாப் புடிச்சு ஒரு உலுக்கு. ஷாம்பூன்னா கொழகொழன்னு சுவரைப் புடிச்சுக்கிட்டு மெள்ள இறங்கும், குமிழி அப்படியே நடுவுல நிக்கும். பிராந்தி சடக்குன்னு தண்ணியா விழும். அவ்வளவுதான், மூடியைத் திறக்கக்கூட வேண்டாம். தண்ணி பாட்டில்னா மூடிக்குக் கீழ இருக்கிற வளையத்துல புள்ளி புள்ளியா இருக்கிற கண்ணியைத் தடவிப் பாப்போம். உங்க ஜங்ஷன் ஆளு ஒட்டின பிசின் விரல்ல தட்டும்.

புடிச்சா என்ன ஆகும்? பெட்டி அறைக்கு வராது. சாயங்காலம் ஏழு மணி ஆகியும் மாத்துத் துணி இல்லாம நிப்பிய. அப்புறம் அறைக்கு ஒரு சீட்டு வரும், கீழ வந்து பெட்டியைத் திறந்து காட்டுங்கன்னு. அங்க போனா உங்களை மாதிரியே முப்பது பேரு வரிசையில. இஸ்திரிப் பெட்டி கொண்டாந்த அம்மா, கெட்டில் கொண்டாந்த தாத்தா, எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிப்பாங்க. சரக்கைக் கொட்டிருவாவ. ஓயாம செய்தா கப்பல்ல இருந்து இறக்கவும் விதி இருக்கு.

கொள்ளைன்னு சொல்லுதிய, அது வாஸ்தவம். ஏன் இவ்வளவு கறார்னா அவங்க லாபம் அதுலதான். ராயல் கரீபியனுக்கு 2023ல மொத்த வருமானம் சுமார் 1,390 கோடி டாலர். அதுல சுமார் 430 கோடி கப்பலுக்குள்ள வித்தது: பானம், சூதாட்டம், சுற்றுலா, இன்டர்நெட் எல்லாம் சேத்து. உள்ளறையை உங்களுக்கு மலிவா தர்றதே நீங்க உள்ள வந்து செலவழிப்பியன்னுதான். சினிமா தியேட்டர்ல டிக்கெட்டைவிட பாப்கார்ன் விலை இருக்கிற மாதிரி. அதான் வெளிப் பாட்டில்னா அப்படிக் குதிக்கான்.

கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதையும் சொல்லிருதேன். கார்னிவல்ல ஒயின் ஆளுக்கு ஒரு பாட்டில், குளிர்பானம் டின்னுலதான், பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. நார்வீஜியன்ல ஒயின் எத்தனை வேணும்னாலும் கொண்டு போலாம், ஆனா பாட்டிலுக்கு 15 டாலர் கட்டணும், குளிர்பானம் கூடவே கூடாது. டிஸ்னியில பீர்கூட ஆறு விடுதான். உள்நாட்டுக் கப்பல்ல ஏறுறவங்க டிக்கெட்டோட வர்ற விதிமுறையைத் தனியாப் படிங்க, இதை வச்சு அளக்காதீங்க.

குறுக்குத்துறை:
சரிடே, ஷாம்பூ வேண்டாம். விமான நிலையத்துல டியூட்டி ஃப்ரீ கடையில சீல் போட்டுத் தருவானே, அதுக்கு என்ன சொல்லுத?

பழையகாயல்:
சீல் இருந்தாலும் அதே கதைதான் அண்ணாச்சி. ஏறுறப்ப உள்ள விட மாட்டாவ. கப்பல் கடையில வாங்கினாலும், புக்கெட்ல இறங்கி வாங்கினாலும் அவங்களே வாங்கி வச்சுக்கிட்டு கடைசி நாள்தான் தருவாவ.

தென்காசி சாரல்:
அதுலயும் ஒரு கண்ணி இருக்கு அண்ணாச்சி. இவங்க கடைசியா நிக்கிற துறைமுகம் பினாங்கு, மலேசியா. மலேசியாவுல இருந்து சிங்கப்பூருக்குள்ள வர்றவங்களுக்கு மதுவுக்கு வரிச் சலுகை கிடையாது. இறங்கின உடனே சுங்கத்துல சிவப்பு வழியில போய் வரி கட்டணும். ஊருக்கு வாங்கணும்னா சாங்கியில விமானம் ஏறுறப்ப வாங்குங்க, இந்தியாவுல ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் விடுவாங்க.

ஜங்ஷன் அல்வா:
அண்ணாச்சி, பேசாம கருப்பட்டி காப்பிக்கு மாறிடுங்க.

பாளை மணிக்கூண்டு:
அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை நடுவுல வருது. அறையில சின்னதா அகல்விளக்கு, சூடம், ஊதுபத்தி?

பழையகாயல்:
கூடவே கூடாது தங்கச்சி. கப்பல்ல தீன்னா எல்லாருக்கும் உயிர் போற பயம். மெழுகுவத்தி, ஊதுபத்தி எல்லாமே தடைப் பட்டியல்ல இருக்கு, அறையில புகை வந்தா உணர்கருவி கத்தும். பேட்டரியில எரியிற சின்ன விளக்கு ஒண்ணு வாங்கிக்கிடுங்க. படத்தை வச்சுக் கும்பிடட்டும்.

புக்கெட் பத்தியும் சொல்லிடுதேன். பெரிய கப்பல் அங்க பெரும்பாலும் கரையில கட்டாது. கடல்லயே நங்கூரம் போட்டு, சின்னப் படகுல கரைக்குக் கொண்டு போவாங்க. கப்பலுக்கும் படகுக்கும் நடுவுல ஒரு தாண்டல் இருக்கும், ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சு ஏத்துவாங்க. அப்பா முட்டுக்கு அது சரிப்படுமான்னு பாத்துக்கிடுங்க. கூட்டம் போன பொறவு பதினோரு மணிக்கு மேல இறங்குங்க, அவசரம் இருக்காது.

பாளை மணிக்கூண்டு:
ஏஜெண்டுகிட்ட பேசிட்டோம். ஏலத்துல போட்ட ரெண்டையும் எடுத்தாச்சு. அப்பா அம்மா அறையை நடுமத்தியில ஜன்னல் அறையா, நம்பர் பாத்து மாத்தியாச்சு. மேலயும் கீழயும் அறைதான், வரைபடத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தோம். எங்க அறை உள்ளறையாவே இருக்கட்டும்னு விட்டுட்டோம், ஆனா அதே தளத்துக்கு மாத்திக் கொடுத்தாங்க. வித்தியாசக் காசு ஏலத்துல அந்த முள்ளு மஞ்சளுக்கு வர்றதுக்குக் கேட்டதைவிடக் கம்மி. பேக்கேஜ் வேண்டாம்னு வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாங்க, முகம்தான் சரியில்ல.

ஜன்னலைத் திறக்க முடியுமான்னு அம்மா கேக்காங்க.

பழையகாயல்:
திறக்க முடியாது, கெட்டிக் கண்ணாடி. ஆனா வெளிச்சமும் கடலும் தெரியும், ராத்திரி திரையைச் சாத்தாம படுக்கச் சொல்லுங்க. காத்து வேணும்னா திறந்த வெளித் தளத்துக்குப் போலாம். அறைக் கதவு முன்னாலயே அதுக்கு வழி எந்தப் பக்கம்னு ஏறின அன்னைக்கே காட்டி வச்சிருங்க.

அறை மாறினதால பெட்டியில ஒட்டுற சீட்டும் மாறியிருக்கும். பழையதை பிரிண்ட் எடுத்து வச்சிருந்தியன்னா கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எடுங்க. இல்லன்னா அப்பா வேட்டி வேற எவன் அறைக்காவது போயிரும்.

குறுக்குத்துறை:
அந்த ஒயின் ஆளுக்கு ஒண்ணுன்னா நாலு பேருக்கு நாலு பாட்டில்லா? அவிய யாரும் குடிக்க மாட்டாவ. தாயி, நீ எப்பம் கிளம்புத?